மூச்சு திரும்பும் நாட்களில் யார் கூட இருப்பது?



நுரையீரலோ இதயமோ ஏற்றிய ஆம்புலன்ஸ் ஒன்று போலீஸ் வண்டி முன்னே செல்ல, சிக்னல் எதிலும் நிற்காமல் பறப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இத்தனை கிலோமீட்டரை இத்தனை நிமிடத்தில் கடந்தது என்று திரையின் அடியில் எழுத்து ஓடும். மறுநாள் செய்தித்தாளில் பச்சை அங்கி அணிந்த மருத்துவர்கள் வரிசையாக நிற்கும் படம் வரும். நல்ல செய்திதான், அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படம் எடுத்து முடித்த பிறகு என்ன நடக்கிறது? மாற்று நுரையீரல் பொருத்தப்பட்டவர் மூன்றாம் நாள் எப்படி மூச்சு விடுகிறார்? முப்பதாம் நாள்? முந்நூறாம் நாள்? அப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் இழுங்க, இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிர் காக்கும் பெரிய சிகிச்சைகளில் அறுவை பாதி வேலை. மீதிப் பாதி, மாதக்கணக்கில் தினமும் செய்ய வேண்டிய பயிற்சியும் கண்காணிப்பும். அறுவைக்கு அரசு பணம் தருகிறது, விளம்பரமும் தருகிறது. பயிற்சியை அவரவர் வீட்டு வசதியிடம் விட்டுவிடுகிறது. இந்த நாட்டில் வீட்டு வசதி என்பது சாதி பார்த்துப் பங்கிடப்பட்ட ஒன்று. ஆகவே மூச்சுப் பயிற்சி நமக்கு மருத்துவக் குறிப்பு மட்டுமில்லை, உரிமைக் கோரிக்கையும்கூட.

உடம்பில் நடப்பது என்ன?

மூச்சு விடுவது நுரையீரல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். உண்மையில் நுரையீரலுக்குத் தானாக அசையும் வலு கிடையாது. அது ஒரு பை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல விரிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கும்போதுதான் காற்று உள்ளே வருகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் துணை நிற்கின்றன. புது நுரையீரலைப் பொருத்தலாம், உதரவிதானத்தை யாரும் மாற்றிப் பொருத்துவதில்லை. பல ஆண்டுகள் மூச்சுக்குத் திணறிய, படுக்கையிலேயே மெலிந்துபோன பழைய தசைதான் புது நுரையீரலை இயக்க வேண்டும்.

அந்தத் தசைக்கு அறுவை நேரத்தில் மேலும் அடி விழுகிறது. நெஞ்சைக் குறுக்கே திறக்கிறார்கள். உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பு அந்த வழியில்தான் ஓடுகிறது, சில சமயம் அதுவும் காயப்படும். பிறகு வென்டிலேட்டர். இயந்திரம் மூச்சு விடும்போது தசைக்கு வேலையில்லை. 2008ஆம் ஆண்டு ஒரு புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வைக் கேளுங்கள். மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்த 14 பேரின் உதரவிதானத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். 18 முதல் 69 மணி நேரம் மட்டுமே வென்டிலேட்டரில் இருந்தவர்கள் அவர்கள். அதற்குள்ளேயே தசை நார்கள் பாதிக்கும் மேல் மெலிந்திருந்தன. மூன்று நாளுக்குள் இந்த நிலை என்றால், வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் கிடந்தவர் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதன்மேல், உடல் புது உறுப்பை நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டும் தசைகளைத் தளர்த்தும்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் நுரையீரலில் சளி சேர்ந்தால் நாம் கேட்காமலே இருமல் வரும். பொருத்தப்பட்ட நுரையீரலின் நரம்புகள் அறுபட்டிருப்பதால் அந்த எச்சரிக்கை மூளைக்குப் போவதில்லை. சளி தேங்கும், ஆளுக்குத் தெரியாது, நிமோனியா வந்துவிடும். ஆகவே தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தையல் பிரியாமல், நேரம் வைத்து இருமப் பழக வேண்டும். இருமலைக்கூடக் கற்றுக்கொள்ள வேண்டிய வாழ்க்கை அது.

இங்கேதான் மூச்சுத் தசைப் பயிற்சி வருகிறது. கையடக்கமான ஒரு குழாய். உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு. மூக்கை அடைத்துக்கொண்டு வாயால் பலமாகக் காற்றை இழுத்தால்தான் வால்வு திறக்கும். ஸ்பிரிங்கை இறுக்க இறுக்க அதிக பலம் வேண்டும். கைக்குப் பளு தூக்குவதுபோல உதரவிதானத்துக்குப் பளு தூக்குவது இது. ஒருவர் அதிகபட்சம் எவ்வளவு பலமாக இழுக்க முடிகிறது என்று முதலில் அளந்து, அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் தொடங்குவது பொதுவான வழக்கம். ஒரு வேளைக்கு 30 இழுப்பு, நாளைக்கு இரண்டு வேளை. வாரா வாரம் பளுவைக் கூட்ட வேண்டும். நடைப் பயிற்சியும் கால் தசைப் பயிற்சியும் கூடவே நடக்கும். கருவியின் விலை சில ஆயிரம் ரூபாய். அறுவையின் செலவோ பல லட்சம்.

மூச்சு என்றவுடன் சிலர் பிராணாயாமப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். செய்பவர் செய்யட்டும். ஆனால் இது வேறு. இதில் அளவு இருக்கிறது, படிப்படியான பளு இருக்கிறது, எப்போது செய்யக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்திருக்கும் ஒருவர் இதைச் செய்தால் ஆபத்து. அதனால்தான் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் வேண்டும் என்கிறேன். வீடியோ பார்த்துச் செய்துவிட முடியாது.

எங்கள் முக்கொம்புப் பகுதியில், காசநோய் மருந்தை முழுதாக முடித்தும் மூச்சு வாங்கும் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். டிவிக்குப் பக்கத்தில் மூன்று பந்துகள் போட்ட பிளாஸ்டிக் கருவி இருந்தது. சில நூறு ரூபாய்க் கருவிதான், நீங்களும் பார்த்திருப்பீர்கள். "ஊதி ஊதிப் பார்க்கிறேன் தம்பி, பந்து ஏறவே மாட்டேங்குது" என்றார். அது ஊதுகிற கருவி இல்லை, காற்றை மெதுவாக உள்ளே இழுக்கிற கருவி. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது கையில் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை செய்துகாட்ட அங்கே யாருக்கும் நேரம் இருக்கவில்லை. கருவி வேறு, பயிற்சி வேறு. கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் சிகிச்சை கொடுத்ததாகக் கணக்கு முடிந்துவிடுகிறது.

அமைச்சருக்குக் கிடைத்தது

ஜார்க்கண்ட் மாநிலத்தின் கல்வி அமைச்சர் ஜகர்நாத் மஹதோவை நினைவிருக்கிறதா? பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அமைச்சரான பிறகு, 2020 ஆகஸ்டில், பதினோராம் வகுப்பில் சேர விண்ணப்பித்துச் செய்தியானவர். அடுத்த மாதமே கொரோனா தாக்கியது. நுரையீரல் கெட்டுப்போனது. அக்டோபரில் ராஞ்சியிலிருந்து விமானத்தில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். 2020 நவம்பர் 10ஆம் தேதி நுரையீரல் மாற்று அறுவை நடந்தது. மாதக்கணக்கில் சென்னையிலேயே தங்கிச் சிகிச்சை பெற்று, 2021இல் ஊர் திரும்பி, அமைச்சர் பணியையும் ஏற்றார். 2023 ஏப்ரல் 6ஆம் தேதி சென்னையிலேயே மருத்துவமனையில் காலமானார்.

எளிய குடும்பத்திலிருந்து வந்த ஒருவருக்குக் கிடைத்த சிகிச்சையைப் பார்த்துப் பொறாமைப்பட நான் இதைச் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்தது சரி. அந்தச் சரியின் உள்ளே என்னென்ன இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். விமான ஆம்புலன்ஸ், நாட்டிலேயே நுரையீரல் மாற்றுக்குப் பேர்பெற்ற நகரம், அங்கே மாதக்கணக்கில் தங்குவதற்கான செலவு, வேலைக்குப் போகாவிட்டாலும் போகாத பதவி, எப்போது மூச்சு முட்டினாலும் திரும்ப வர ஒரு வழி. இத்தனையும் இருந்தும் அவர் இரண்டரை ஆண்டுதான் வாழ்ந்தார். உலக அளவில் நுரையீரல் மாற்று பெற்றவர்களில் பாதிப் பேர்தான் ஆறு ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். மாற்று உறுப்புகளிலேயே பாடுபட்டுக் காப்பாற்ற வேண்டிய உறுப்பு நுரையீரல். ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்று, தூசு, கிருமி எல்லாம் நேராக அதற்குள் போகின்றன.

இப்போது அந்த வசதிகளையெல்லாம் எடுத்துவிட்டு, அந்தநல்லூர் ஒன்றியத்தில் ஒரு சேரியில் வாழும் கூலித் தொழிலாளியை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

வீடே தகுதியிழப்பு

நுரையீரல் மாற்றுக்குப் பெயர் பதிவதற்கு முன்பு நோயாளியை மதிப்பிடுவார்கள். இதயம், சிறுநீரகம் பார்ப்பார்கள். எடை பார்ப்பார்கள், மிகவும் மெலிந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்பார்கள். அதோடு நிற்பதில்லை. கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுவாரா, வீடு சுத்தமாக, புகையில்லாமல், ஈரமில்லாமல் இருக்கிறதா, அறுவைக்குப் பின் சில மாதம் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க முடியுமா என்றெல்லாம் கேட்பார்கள். உலகம் முழுதும் இந்த வழக்கம் உண்டு. மருத்துவக் காரணமும் உண்டு. கிடைப்பதற்கு அரிய உறுப்பு வீணாகக்கூடாது என்பது நியாயம்தான்.

ஆனால் இந்தக் கேள்விகளை நம் மண்ணில் கேட்டால் என்ன பதில் வரும்? ஒரே அறை. அதிலேயே விறகடுப்பு. வாசலில் திறந்த சாக்கடை. ஊரின் தாழ்வான மூலையில் நமக்கு ஒதுக்கிய இடம் என்பதால் மழை வந்தால் தண்ணீர் உள்ளே. கூட இருக்க வேண்டிய மனைவி கூலிக்குப் போகாவிட்டால் அன்று உலை கொதிக்காது. முக்கொம்பிலிருந்து சென்னை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே மூன்று மாதம் அறை எடுத்துத் தங்குவது யாருக்குச் சாத்தியம்?

மருத்துவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. சாதி என்ற சொல் அந்த மதிப்பீட்டுத் தாளில் எங்கும் இருக்காது. சாதி கட்டிய வீடும் சாதி கொடுத்த கூலியும் சாதி மெலியவைத்த உடலும் "சமூக ஆதரவு போதாது" என்ற ஒற்றை வரியாக மாறிப் பதிவாகிவிடும். தீண்டாமை இப்படி வெள்ளைத் தாளில் கையெழுத்தாகும்போது அதன்மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. வீட்டுச் சூழலை மாற்றிக் கொடுப்பதும், ஊர்ப் பக்கத்திலேயே பயிற்சியும் கண்காணிப்பும் கிடைக்கச் செய்வதும்தான் அந்த வரியை அழிக்கும் வழி.

கொடுப்பவரும் பெறுபவரும்

தமிழ்நாட்டில் மூளைச்சாவு உறுப்பு தானத் திட்டம் 2008இல் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகனின் உறுப்புகளைத் தானம் செய்தது மாநிலத்தையே உலுக்கியது. 2014இல் இதற்கென உறுப்பு மாற்று ஆணையம் வந்தது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். பெருமைப்படத்தக்க வரலாறு.

சாலை விபத்தில் தலையில் அடிபட்டு அரசு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் யார்? இருசக்கர வண்டியில் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள், பெரும்பாலும் எளியவர்கள். நுரையீரல் மாற்று எங்கே நடக்கிறது? பெரும்பாலும் பெருநகரத்துத் தனியார் மருத்துவமனைகளில். 2018இல் தமிழ்நாட்டில் தானமாகக் கிடைத்த இதயங்களும் நுரையீரல்களும் வெளிநாட்டு நோயாளிகளுக்கு அதிகமாகப் போகின்றன என்று பெரிய சர்ச்சை எழுந்தது. விபத்தில் மூளைச்சாவு அடைந்த கேரள இளைஞர் ஒருவரின் உறுப்புகளை இங்குள்ள தனியார் மருத்துவமனை எடுத்த விதம் குறித்துக் கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் தமிழ்நாட்டு முதலமைச்சருக்குக் கடிதமே எழுதினார். உள்ளூரில் பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை, உறுப்பு வீணாகாமல் கொடுத்தோம் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட பதில். உள்ளூரில் ஏன் ஆள் கிடைக்கவில்லை? நுரையீரல் கெட்டவர்கள் இங்கே இல்லையா? பதிவு வரைக்கும் வந்து சேர அவர்களால் முடியவில்லை, வந்தாலும் பிறகு பிழைத்திருக்க வழியில்லை. இதற்கு விடை சொல்லாமல் தானத்தின் பெருமையை மட்டும் பாடிக்கொண்டிருக்க முடியாது.

ஜாக்சன் நகரத்து இரவு

நுரையீரல் மாற்றின் வரலாறே நமக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறது. உலகில் முதன்முதலாக மனிதருக்கு நுரையீரல் மாற்று செய்தவர் ஜேம்ஸ் ஹார்டி. இடம் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம், ஜாக்சன் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனை. நாள் 1963 ஜூன் 11. பெற்றவர் கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளையர் கைதி. 18 நாள் உயிரோடிருந்தார்.

அதே இரவு, நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில், அதே ஜாக்சன் நகரில், கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலில் முதுகில் சுடப்பட்டார். கொண்டுபோனது அதே மருத்துவமனைக்குத்தான். அன்று அங்கே வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி வார்டுகள். ஒரு மணி நேரத்துக்குள் அவர் உயிர் போனது. மருத்துவ அறிவியல் ஒரு மனிதனின் மூச்சை மீட்கும் உச்சியைத் தொட்ட அந்தக் கட்டடத்திலேயே, நிறத்தின் பெயரால் மூச்சு பறிக்கப்பட்ட ஒருவர் கிடந்தார். அறிவியல் முன்னேறினால் சமத்துவம் தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஒரு இரவு போதும்.

மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டருக்கும் ஒரு வரலாறு உண்டு. அடிமைகள் தப்பி ஓடுவதையே ஒரு மனநோய் என்று எழுதிய சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், 1851இல் அந்தக் கருவியை வைத்துக் கறுப்பர்களின் நுரையீரல் பிறவியிலேயே குறைபாடுள்ளது என்றார். அடிமை உழைப்புதான் அந்த நுரையீரலுக்கு நல்ல பயிற்சி என்றும் வாதாடினார். அவர் விதைத்த எண்ணம் கருவியின் கணக்கிலேயே புகுந்தது. இனத்துக்கு ஒரு அளவு என்று வைத்து, கறுப்பர் நுரையீரல் குறைவாக இயங்கினாலும் "உங்களுக்கு இது இயல்புதான்" என்றது. 2023இல்தான் அமெரிக்க மார்புநோய் மருத்துவர் சங்கம் இன அடிப்படைக் கணக்கைக் கைவிடச் சொன்னது. "உழைக்கிற உடம்பு, அதற்கெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று நம்மைப் பார்த்து ஊரில் சொல்லும் வாசகம் கார்ட்ரைட்டின் வாசகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி.

நம் மூச்சை எடுப்பது எது?

"நுரையீரல் மாற்று அபூர்வமான சிகிச்சை. இந்தியா முழுக்க ஆண்டுக்குச் சில நூறு பேருக்குக்கூட நடப்பதில்லை. இது எப்படித் தலித் பிரச்சினை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் பதில் இது: மாற்று அறுவைக்குப் பின் தேவைப்படும் அதே பயிற்சி, அறுவை வரை போகவே முடியாத லட்சக்கணக்கானவர்களுக்கும் தேவை.

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவில் விழுகிறார். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமானால் மூக்கின் நுகர்வுத் திறனையே அது கொன்றுவிடும், எச்சரிக்கைகூடக் கிடைக்காது. 1993க்குப் பிறகு இப்படிப் பதிவான சாவுகளில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடத்தில் நிற்கிறது. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டக் கணக்கெடுப்பிலேயே இந்த வேலை செய்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டில் பெரும்பாலும் அருந்ததியர். 2013இல் தடைச் சட்டம் வந்தது. 2014இல் சாவுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது உச்ச நீதிமன்றம். 2023 அக்டோபர் 20ஆம் தேதித் தீர்ப்பில் அது 30 லட்சமானது. ஊனமுற்றுப் பிழைத்தவர்களுக்கு குறைந்தது 10 லட்சம், நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம்.

செத்தவர் கணக்கு இருக்கிறது. வாயுவைச் சுவாசித்துப் பிழைத்தவர் பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறாரே, அவர் எந்தக் கணக்கில் வருகிறார்? கை கால் போனால் ஊனம் என்று கண்ணுக்குத் தெரியும். மூச்சு போனால் "சோம்பேறி, வேலைக்கு வர மறுக்கிறான்" என்பார்கள். கல் உடைத்து சிலிகா தூசியைச் சுவாசித்தவர், விறகடுப்பில் காலமெல்லாம் ஊதிய நம் அம்மாக்கள், காசநோய் மருந்து முடித்து "குணமானவர்" பட்டியலில் சேர்க்கப்பட்டும் நுரையீரலில் தழும்போடு வாழ்கிறவர் என எல்லோரும் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். மருந்து இலவசம், அதற்குப் போராட்டமும் உண்டு, திட்டமும் உண்டு. மருந்து முடிந்த மறுநாள் முதல் அவர் தனி ஆள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூச்சுத் தசைப் பயிற்சி மாயமந்திரம் இல்லை. கெட்ட நுரையீரலை அது புதிதாக்காது. மாற்று அறுவை பெற்றவர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. தசை வலு கூடுவதைக் காட்டுகின்றன, ஆயுள் கூடும் என்று நிரூபிக்கவில்லை. வென்டிலேட்டரிலிருந்து விடுபடத் திணறுகிறவர்களுக்கு உதவுகிறது என்பதற்குச் சான்று அதைவிட வலுவானது. நடை, தசைப் பயிற்சி, மூச்சுக் கல்வி எல்லாம் சேர்ந்த நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சை நாள்பட்ட மூச்சு நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையை மேம்படுத்தும் என்பது உலகமே ஏற்றுக்கொண்ட உண்மை. மிகைப்படுத்திக் கோரிக்கை வைத்தால் ஒரே கேள்வியில் நம்மை உட்காரவைத்துவிடுவார்கள். உள்ளதைச் சொல்லியே கேட்போம். அதுவே போதுமான அளவு வலுவாக இருக்கிறது.

மதகு உடைந்த பாடம்

முக்கொம்பு மேலணையை 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் கட்டினார். காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தில் 180 ஆண்டுகள் நின்ற அணை. 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் பக்கத்து 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பழமைதான் காரணம் என்றது அரசு. மணலை அள்ளியதும் பராமரிக்காததும்தான் காரணம் என்றார்கள் விவசாயிகள். உடைந்த மறுநாள் அமைச்சர்கள் வந்தார்கள், கேமரா வந்தது, பல கோடியில் புதிய அணை வந்தது. உடைவதற்கு முந்தைய ஆண்டுகளில் ஷட்டருக்கு எண்ணெய் போட்டவர், அடியில் மண் அரிக்கிறது என்று சொன்னவர் யாருக்கும் எந்தக் கேமராவும் வரவில்லை.

நம் மருத்துவத் துறையும் இதே பழக்கத்தில் இருக்கிறது. கட்டுவது விழா, காப்பது தலைவலி. அறுவை விழா, பயிற்சி தலைவலி. விழாவுக்கு நிதி ஒதுக்குவார்கள், தலைவலியை வீட்டுப் பெண்கள் தலையில் கட்டுவார்கள்.

என்ன கேட்கலாம்? என்ன செய்யலாம்?

முதலாவது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவது ஏற்கெனவே உண்டு. புதிய திட்டம் கேட்க வேண்டியதில்லை. அதில் மூச்சுத் தசைப் பயிற்சியையும் நுரையீரல் மறுவாழ்வையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். அதற்கான பயிற்சியும் கருவிகளும் வட்டார அளவில் வேண்டும்.

இரண்டாவது, திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை போன்ற மருத்துவமனைகளில் நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவு வேண்டும். சென்னையில் அறுவை முடித்தவர் பயிற்சிக்கும் பரிசோதனைக்கும் ஒவ்வொரு முறையும் சென்னை போகாமல் இங்கேயே பார்த்துக்கொள்ள வழி வேண்டும்.

மூன்றாவது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அறுவையோடு கணக்கை மூடக்கூடாது. உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் மருந்து வாழ்நாள் முழுதும் வேண்டும். தினமும் வீட்டிலேயே ஊதிப் பார்க்கும் சிறு ஸ்பைரோமீட்டர் வேண்டும். அதில் அளவு பத்து சதவீதம் குறைந்தாலே நிராகரிப்பின் அறிகுறியாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இந்தச் செலவுகளும், கூட இருப்பவர் இழக்கும் கூலியும், அறுவை நகரத்தில் தங்கும் செலவும் சிகிச்சைச் செலவாகவே கருதப்பட வேண்டும்.

நான்காவது, கழிவுநீர்த் தொட்டி விபத்தில் பிழைத்த ஒவ்வொருவருக்கும் நுரையீரல் பரிசோதனை கட்டாயம். மூச்சுக் குறைபாடு ஊனமாகப் பதிவாக வேண்டும். இழப்பீட்டோடு மறுவாழ்வுச் சிகிச்சையும் தீர்ப்பின் பகுதியாகவே வந்து சேர வேண்டும்.

மாணவத் தோழர்கள் செய்யக்கூடியவை நிறைய. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் எத்தனை இயன்முறை மருத்துவர் பணியிடங்கள், எத்தனை காலி, மூச்சுத் தசைப் பயிற்சிக் கருவி ஒன்றாவது இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இயன்முறை மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். விடுமுறையில் ஒரு நாள் சேரிக்கு வந்து, அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் மூன்று பந்துக் கருவியை ஊதக்கூடாது, இழுக்க வேண்டும் என்று செய்துகாட்டுங்கள். காசநோய் முடித்தவர்கள், தொட்டியில் பிழைத்தவர்கள் யார் யார் என்று உங்கள் பகுதியில் ஒரு பட்டியல் எடுங்கள். பட்டியல் இல்லாத இடத்தில் கோரிக்கை நிற்காது.

1927இல் மஹாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஒரு கை தண்ணீரை அள்ளிக் குடித்தபோது, தண்ணீர் எல்லோருக்கும் பொது என்பதை நிலைநாட்டச் சட்டமும் போராட்டமும் இரண்டும் வேண்டியிருந்தன. காற்றை யாரும் வேலி போட்டு அடைக்கவில்லை. ஆனால் அந்தக் காற்றை உள்ளே இழுக்கும் வலு யாருக்கு இருக்கிறது, இழந்தவருக்கு அதை யார் திருப்பித் தருகிறார்கள் என்பதில் வேலி இருக்கிறது. அடுத்த கிராம சபையில் எழுந்து இதைக் கேளுங்கள். மனுவின் நகலை எனக்கும் அனுப்புங்கள், சேர்த்துத் தொடுப்போம்.

ஜெய் பீம்!